முதலில் லைசென்சு, பிறகு சாவி!

எஸ்.எஸ்.சி. தேர்வு முடிந்ததும் மும்பையில் நம்மவர் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடுகிறது. "பையன் ஸ்கூட்டர் கேட்கிறான், வாங்கிக் கொடுத்துவிடலாமா?" என்பதே அது. சற்று வசதி வந்த வீடுகளில் பழைய கார் ஒன்றுக்கும் விலை விசாரிக்கிறார்கள். டிரங்குப் பெட்டியோடு ரயிலில் வந்திறங்கி, தாராவியில் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்திய தகப்பனாருக்கு, மகன் வண்டி ஓட்டுவது பெருமைதான். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பெருமைக்காக 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கலாமா?

கூடாது என்கிறது சட்டம். 16 வயதில் ஓட்டலாம் என்று சிலர் வாதாடுவார்கள். அது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. அதற்கும் லைசென்சு வேண்டும். இன்று தெருவில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. இவற்றைவிடக் கடுமையானது, அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது என்பது.

பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதனால் என்ன நஷ்டம்? டிரைவர் வைத்துக்கொள்வான். நம் பிள்ளைகளுக்கோ லைசென்சு ஒரு பிழைப்பு. 20 வயதில் டாக்சியோ டெம்போவோ ஓட்டி வீட்டைத் தாங்க வேண்டியவன், ஐந்து ஆண்டுகள் கைகட்டி நிற்க வேண்டும். விபத்து நேர்ந்தால், இன்சூரன்சு கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டைச் சொந்தக்காரரிடமே திரும்ப வசூலிக்கவும் இடமுண்டு. மாதச் சம்பளக்காரர் எங்கே போவார்?

2024 மே மாதம் புனாவில், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாக வழக்குப் பதிவான கார் மோதி, இரண்டு இளம் என்ஜினீயர்கள் மாண்டனர். 300 சொற்களில் கட்டுரை எழுது என்ற நிபந்தனையோடு சிறுவனுக்கு ஜாமீன் கிடைத்தபோது நாடே கொதித்தது. நியாயமான கொதிப்புதான். அதே வயதுப் பிள்ளையிடம் நம் வீட்டில் சாவி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டாமா?

அமெரிக்காவில் 16 வயதிலேயே ஓட்டுகிறார்களே என்பார்கள். எப்படி ஓட்டுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். கலிபோர்னியாவில் பெரியவர் பக்கத்தில் உட்கார, 50 மணி நேரம் பழக வேண்டும். அதில் 10 மணி நேரம் இரவில். லைசென்சு பெற்ற பிறகும் முதல் ஓராண்டுக்கு, இரவு 11 மணிக்கு மேல் தனியே ஓட்டக்கூடாது. ஜெர்மனியில் 17 வயதில் ஓட்டலாம். ஆனால் 18 நிரம்பும் வரை, 30 வயதுக்குக் குறையாத ஒருவர் உடன் இருக்க வேண்டும். அங்கே பிள்ளைக்குக் காருக்கு முன்னால் காவல் கிடைக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ரயில்வேயிலேயே, உதவி டிரைவராகச் சேர்ந்தவர் சரக்கு வண்டி, பாசஞ்சர் என்று படிப்படியாக ஏறித்தான் எக்ஸ்பிரசுக்கு வருகிறார். தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்கே இத்தனை பழக்கம் வேண்டுமென்றால், நெரிசல் மிகுந்த சயான் சாலைக்கு வேண்டாமா?

நம்மில் பல தகப்பனார்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க இயலாது. எனவே 18 வயது நிரம்பியதும் நல்ல டிரைவிங் ஸ்கூலுக்குப் பணம் கட்டுங்கள். புரோக்கரிடம் பணம் கொடுத்துப் பழகாமலே லைசென்சு வாங்காதீர்கள். தமிழ்ச் சங்கங்களும் விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஏழைப் பிள்ளைகளின் பயிற்சிக் கட்டணத்தை ஏற்கலாமே! மேடையில் போடும் மாலையைவிட, ஒரு பிள்ளையின் கையில் சேரும் லைசென்சு அந்தக் குடும்பத்துக்கு நெடுநாள் சோறு போடும்.