கருவும் கொலைச் சட்டமும்

குச்சனூர் சனீஸ்வரன் கோவிலுக்கு ஆடிச் சனிக்கிழமைதோறும் மக்கள் திரள்திரளாய்ப் போய் எள் விளக்கு ஏற்றி வருகிறார்கள். சனி எப்போது பிடித்தான் என்று ஜோசியனைக் கேட்டால், அவன் பிறந்த நாழிகையை வைத்துத்தான் ஜாதகம் கணிக்கிறான்.

ஜோசியன் மூடநம்பிக்கையால் போட்ட கோட்டைச் சட்டம் வேறு காரணத்தால் போட்டிருக்கிறது. தாயின் வயிற்றிலிருக்கும் சிசுவைச் சாகடிப்பது மனிதக் கொலையாகாது. உயிருள்ள சிசுவின் ஏதாவதொரு பாகம் வெளியே வந்துவிட்டால், அது மூச்சு விடாதிருந்தாலும், கொலையாகலாம். 1860-ம் வருஷத்துப் பீனல் கோடின் 299-வது பிரிவு சொன்னதும் இதுவே. 1-7-2024 முதல் அமுலில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையின் 100-வது பிரிவு சொல்வதும் இதுவே.

இதைக் கேட்டதும் வைதீகர்கள், "எங்கள் சாஸ்திரம் கருவை அழிப்பதைப் பிரம்மஹத்திக்குச் சமமாக்கியிருக்கிறதே!" என்று பெருமை பேசுவார்கள். மனுவின் 11-வது அத்தியாயம் அப்படிச் சொல்வது, ஆணா பெண்ணா என்று அறியப்படாத கருவைப் பற்றியேயாகும். அறியப்பட்டு, பெண் என்றாகிவிட்டால் என்ன கதி? உசிலம்பட்டியைக் கேளுங்கள். 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் நமது தேனி ஜில்லாவுக்கும் ஏன் வர நேர்ந்தது என்று கேளுங்கள்.

நிற்க, கருவை முழு மனிதனாக்கி, அதை அழிப்பதைக் கொலையாக்க வேண்டும் என்போரும் உண்டு. நாம் இதை ஒப்ப முடியாது. அப்படியானால் முதலில் கூண்டில் ஏறுகிறவள் பெண்ணேயாவாள். கர்ப்பம் ஒரு மாதமே என்று கீழ்க்கோர்ட்டு விடுதலை செய்த ஒரு பெண்ணின் வழக்கில், கர்ப்பம் தரித்த உடனேயே குற்றம் பொருந்தும் என்று சென்னை ஹைக்கோர்ட்டு 1886-ல் தீர்ப்புச் சொல்லிற்று. இன்றும் 88-வது பிரிவின்படி, தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு 3 வருஷம் வரையும், சிசு துடிப்புக் கண்டிருந்தால் 7 வருஷம் வரையும் ஜெயில் உண்டு. 1971-ம் வருஷத்துச் சட்டம் தரும் விலக்கும் டாக்டரின் அபிப்பிராயத்தைப் பொறுத்ததேயன்றி, அவள் இஷ்டத்தைப் பொறுத்ததல்ல.

ஆனால், கர்ப்பிணி செத்துப்போகக் கூடும் என்று தெரிந்தே ஒருவன் அவளைத் தாக்கி, அவள் பிழைத்து, துடிப்புக் கண்ட சிசு மாத்திரம் மாண்டால், 92-வது பிரிவு அவனுக்கு 10 வருஷம் வரை தண்டனை வைத்திருக்கிறது. வரதட்சிணைக்காகவோ, ஜாதி விட்டு மணந்ததற்காகவோ கர்ப்பிணியைத் தாக்குகிறவன் மீது இந்தப் பிரிவைப் போடாமல் போலீசார் விட்டுவிடக் கூடாது.

ஆகவே நாம் கேட்பது ஒன்றுதான். அவள் சம்மதமின்றிக் கருவை அழித்தவனுக்குக் கடுந்தண்டனை. தன் உடலைப் பற்றித் தானே முடிவு செய்தவளுக்கு விடுதலை. வயிற்றில் சுமக்கிறவள் அவள். அவளை ஒதுக்கிவிட்டுக் கருவுக்கு நியாயம் பேச மனுவுக்கென்ன, சர்க்காருக்கென்ன யோக்கியதை இருக்கிறது?