ரத்தம் சோதிக்க வெட்கம் ஏன்?

"உடம்பு சூடாயிருக்கு தோழர்."

சங்க ஆபீசில் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால், கடைசியில் அவர் சொல்லும் வார்த்தை பெரும்பாலும் இதுதான். சம்பள பாக்கி, மெமோ, சஸ்பென்ஷன் என்றால் நாலு பேர் முன்னிலையில் உரக்கப் பேசுகிறவர் அவர். இதை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார். என்ன சூடு என்று நாமும் கேட்பதில்லை. இளநீர் குடியுங்கள், எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். இந்தக் குற்றத்தில் இதை எழுதுகிறவனுக்கும் பங்குண்டு.

அந்தச் சூட்டுக்குப் பெயர் இருக்கிறது. மேகவெட்டை, கிரந்தி, பரங்கிப் புண் என்று நம் பெரியவர்கள் சொன்னதும், பால்வினை நோய் என்று ஆஸ்பத்திரிப் பலகையில் எழுதியிருப்பதும் இவற்றைத்தான். இதெல்லாம் தலையங்கத்தில் எழுதுகிற விஷயமா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். காசநோயைப் பற்றிப் பேசுகிறோம். பஞ்சுத்தூசி தரும் மூச்சிரைப்பைப் பற்றிப் பேசுகிறோம். உழைப்பாளியின் உடம்பில் இடுப்புக்கு மேலே இருப்பதுதான் சங்கத்தின் கவலை, கீழே இருப்பது அவனவன் பாடு என்று சொல்ல முடியுமா?

பரங்கிப் புண்ணையே எடுத்துக்கொள்வோம். சிபிலிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கிருமி தொற்றிச் சுமார் மூன்று வாரத்தில் மர்ம ஸ்தானத்தில் ஒரு புண் வரும். அது வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் தானாக ஆறிவிடும். நோயின் சூது இங்கேதான் இருக்கிறது. புண் ஆறுகிறதே தவிர கிருமி போவதில்லை; அது ரத்தத்தில் கலந்துவிடுகிறது. பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம், அதுவும் மறையும். அப்புறம் பல வருஷம் ஒரு சத்தமும் இராது. கடைசியில் இருதயத்தையோ மூளையையோ கண்ணையோ தாக்கும்போதுதான் தெரியவரும்.

தானாக ஆறுகிற இந்தப் புண்ணை நம்பித்தான் ஒரு கூட்டமே பிழைக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜில் ரூம் எடுத்துக்கொண்டு, "பரம்பரை வைத்தியர், மாதம் இருமுறை விஜயம்" என்று சுவரெங்கும் போஸ்டர் ஒட்டும் பேர்வழிகளைத்தான் சொல்கிறோம். தோழர் போகிறார், லேகியம் வாங்குகிறார், ஆயிரக்கணக்கில் அழுகிறார். புண் ஆறுகிறது. வைத்தியர் கெட்டிக்காரர் என்று நம்பி இன்னும் நாலு பேரை அழைத்துப் போகிறார். மருந்துக் கடையில் வாயால் சொல்லி நாலு மாத்திரை வாங்கி விழுங்குவதும் இதற்குத் தம்பிதான். அரைகுறையாகத் தின்ற மாத்திரையால் வெட்டை நோய்க் கிருமிக்கு மருந்தே பழகிவிட்டது. பழைய மாத்திரைகள் பலவற்றை அது இப்போது மதிப்பதில்லை.

உண்மையான சிகிச்சைக்கு எவ்வளவு செலவு? ஆரம்ப நிலையில் பரங்கிப் புண்ணுக்குத் தேவை பென்சிலின் ஊசி ஒரே ஒரு தடவை. நாட்பட்டதானால் வாரம் ஒன்றாக மூன்று தடவை. 1943-ஆம் வருஷத்திலேயே இந்த மருந்தால் இந்த நோய் குணமாகும் என்று கண்டுவிட்டார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போடுகிறார்கள். ஆனால் ஊசி போடுவதற்கு முன் நோய் இருப்பது தெரிய வேண்டும். அதற்கு வேண்டியது கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான்.

பெண்கள் விஷயம் இன்னும் கொடுமை. வெட்டை நோய் தொற்றிய ஆணுக்கு எரிச்சலும் சீழும் வந்து காட்டிக் கொடுத்துவிடும். பெண்ணுக்குப் பல சமயம் ஒன்றுமே தெரியாது. உள்ளே கருக்குழாய் அடைபட்டுப் போகும். பிறகு அவளுக்குக் குழந்தை இல்லை என்று ஊரே மலடிப் பட்டம் கட்டும், புருஷனுக்கு வேறு பெண் பார்க்கக் கிளம்பும். நோயைக் கொண்டுவந்தவன் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கர்ப்பிணிக்குப் பரங்கிப் புண் இருந்தால் கரு கலையலாம், குழந்தை செத்துப் பிறக்கலாம், நோயோடும் பிறக்கலாம். கர்ப்ப காலத்தில் உரிய நேரத்தில் பென்சிலின் போட்டால் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றலாம். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனையும் எச்.ஐ.வி. சோதனையும் செய்கிறார்கள். நடவும் களையெடுப்பும் இருக்கிறது, ஒரு நாள் கூலி போகும் என்று அதைத் தவறவிடும் விவசாயத் தொழிலாளிச் சகோதரிகள் இருக்கிறார்கள். கூலி போனால் அடுத்த நாள் சம்பாதிக்கலாம். வீட்டு ஆண்கள் அன்றைக்குத் தாங்களும் கூடப் போய்க் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வரட்டும். ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்து மற்றவரை விட்டால், ஆறினவருக்கே மறுபடி தொற்றும்.

சோதனை என்றாலே ஏழைகள் மிரளுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1868-இல் வெள்ளை சர்க்கார் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்று போட்டது. பட்டாளத்துச் சிப்பாய்க்கு நோய் வராமலிருக்க, பெண்களைப் பதிவு செய்து, பிடித்துக்கொண்டு போய்ப் பலவந்தமாகச் சோதித்தார்கள். நோயைக் கொடுக்கவும் வாங்கவும் செய்த சிப்பாய்க்கு அந்தச் சட்டத்தில் சோதனை கிடையாது. 1888-இல்தான் அது ஒழிந்தது. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து டஸ்கீகியில் நடந்தது அதைவிடப் பாதகம். அங்கே 1932 முதல் 1972 வரை, பரங்கிப் புண் இருந்த 399 கறுப்பின மக்களுக்கு, நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்ப்பதற்காகச் சிகிச்சை தராமலே வைத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு உழுத ஏழை விவசாயிகள். உங்களுக்குக் "கெட்ட ரத்தம்" என்று சொல்லி ஏமாற்றினார்கள். பென்சிலின் கைக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. செய்தது கள்ள வைத்தியன் அல்ல, அந்நாட்டுச் சுகாதார இலாகா!

ஆகவே, சோதனை என்பது நம் சம்மதத்தோடு, நமக்காக, நம் ரகசியத்தைக் காத்து நடக்க வேண்டும். இதைக் கேட்பது சலுகை அல்ல. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு எத்தனையோ உழைப்பாளிகள் அந்த நோயின் பெயரால் வேலை இழந்தார்கள். பம்பாயில் ஒரு பொதுத்துறை நிறுவனம், உடம்பு நன்றாக வேலை செய்யக்கூடிய நிலையில் இருந்த ஒரு தற்காலிகத் தொழிலாளியை எச்.ஐ.வி. இருக்கிறது என்று ஒதுக்கியது. அவர் பெயரைச் சொல்லாமலே வழக்காடினார். வேலை செய்யத் தகுதியுள்ளவரை இந்தக் காரணத்துக்காக மட்டும் தள்ளக்கூடாது என்று 1997-இல் பம்பாய் ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. 2017-இல் எச்.ஐ.வி. சட்டம் வந்தது, 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்குவதை அது தடுக்கிறது. முன் சம்மதம் பெற்றே சோதிக்க வேண்டும் என்கிறது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார் கேட்க ஓர் அதிகாரி வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் மில்லில் அந்த அதிகாரி யார் என்று நிர்வாகத்தைக் கேட்டுப் பாருங்கள்! இந்தச் சட்டம் எச்.ஐ.வி.க்கு மட்டும்தான் என்பது ஒரு குறை. மற்ற நோய்களுக்கு டாக்டரின் ரகசியக் கடமையும் நம் சங்க பலமும்தான் துணை. வேலைக்கு எடுக்கும்போது எதற்கென்று சொல்லாமல் ரத்தம் எடுத்தால், எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும்.

சர்க்காருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சோதனை நேரம் காலையிலிருந்து பகல் வரை என்றால், பகல் ஷிப்டுத் தொழிலாளி எப்போது போவான்? மாலையில் ஒரு வேளை திறக்கட்டும். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து நம் நூற்பாலைகளில் வேலை செய்யும் தோழர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல ஆள் போடட்டும். மில் விடுதியில் அடைபட்ட பெண்கள் சூபர்வைசர் துணையில்லாமல் ஆஸ்பத்திரி போய்வர வழி வேண்டும். அந்தரங்கமான ஒரு நோயை நிர்வாகத்தின் ஆள் பக்கத்தில் நிற்க எந்தப் பெண் சொல்வாள்?

இனி, போக நினைக்கும் தோழருக்கு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் "நம்பிக்கை மையம்" எங்கே என்று கேளுங்கள். எச்.ஐ.வி. சோதனை அங்கே இலவசம். சோதனைக்கு முன்னும் பின்னும் தனியறையில் உட்காரவைத்துப் பேசுவார்கள். முதல் சோதனையில் இருக்கிறது என்று வந்தால் பயந்து ஓட வேண்டாம். வெவ்வேறு விதமாக மூன்று தடவை பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். தொற்றிய உடனே சோதனையில் தெரியாமலும் போகலாம். ஆகையால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இருக்கிறது என்றே ஆனாலும் 2004 முதல் கூட்டு மருந்து இலவசம். ஒழுங்காகத் தின்றால் வேலை செய்து பிள்ளை குட்டிகளோடு வாழலாம். ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால் உறவின் மூலம் பிறருக்கும் தொற்றாது. புண், சீழ், எரிச்சல் என்றால் பெரிய ஆஸ்பத்திரிகளில் பால்வினை நோய்ப் பிரிவு தனியே இருக்கிறது. யாரிடமும் கேட்கக் கூச்சமானால் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசில்லை, பெயரும் சொல்ல வேண்டாம்.

சங்கக் கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அந்த மையம் எந்தக் கட்டடத்தில், எந்த நேரம் திறந்திருக்கிறது என்று நேரில் போய் விசாரித்து, ஆபீஸ் பலகையில் கூட்ட அறிவிப்புக்குப் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். போனது போனதாக, நீங்களும் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். இரவு பெஞ்சில் தனியே உட்கார்ந்திருக்கும் தோழரிடம், "நானும் பார்த்துவிட்டு வந்தேன் தோழர், நாளைக்கு உங்களோடு வருகிறேன்" என்று அப்போது சொல்ல முடியும்.