முட்டையை மறுக்க வீகனைத் துணைக்கு அழைக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கு முடிந்து எல்லோரும் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, இளம் தோழர் ஒருவர் மட்டும் வாழைப்பழமும் கடலைமிட்டாயுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வீகனாக மாறி இரண்டு வருடம் ஆகிறதாம். பால், தயிர், நெய் எதுவும் தொடுவதில்லை. "அப்ப நீங்க அக்ரகாரத்தையே தாண்டிட்டீங்க" என்று பக்கத்திலிருந்தவர் கிண்டலடித்தார். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "தோழர், சாதியை அப்புறம் பேசுவோம். உடம்புக்கு இது போதுமா போதாதா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

நியாயமான கேள்வி. நம் ஆட்கள் இதற்குக் கிண்டலைத்தான் பதிலாகத் தருகிறோம். அது தவறு என்பதால் எழுதுகிறேன்.

போதும். ஆனால் தானாக நடக்காது. புரதத்துக்கு அரிசியோடு பருப்பு, சுண்டல், சோயா, நிலக்கடலை எனக் கலந்து சாப்பிட வேண்டும். அரிசியில் குறைவது பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் உண்டு. இரும்புச் சத்து கீரையில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கீரையிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது கறியிலிருந்து எடுப்பதைவிடக் குறைவு. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கொஞ்சம் கூடும், சாப்பிட்டவுடன் டீ குடித்தால் குறையும்.

சிக்கல் பி12-இல்தான். இது நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வைட்டமின். கறி, மீன், முட்டை, பால் வழியாக நமக்கு வருகிறது. நம்பத்தகுந்த அளவில் எந்தச் செடியிலும் இல்லை. பழைய சோற்றில் இருக்கிறது, ஸ்பைருலினாவில் இருக்கிறது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். பழைய சோற்றை இதற்காக நம்பியிருக்க முடியாது. ஒரு நாளைக்குத் தேவை இரண்டரை மைக்ரோகிராமுக்கும் குறைவு, கண்ணுக்கே தெரியாத அளவு. அது கிடைக்காவிட்டால் கைகால் மரத்துப்போகும், ரத்தம் குறையும், நினைவு தடுமாறும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் பல வருடம் கழித்துத்தான் தெரியவரும். இரண்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லையே என்று தோழர் சொன்னதற்கு இதுதான் காரணம். ஆகவே வீகன் என்றால் பி12 மாத்திரையும் சேர்ந்ததுதான். கருவுற்ற பெண்ணும் பாலூட்டும் தாயும் இதில் அலட்சியமாக இருக்கவே கூடாது, பாதிப்பு குழந்தைக்குப் போகும்.

தேர்ந்தெடுத்துச் சாப்பிடக் காசும், படித்துப் பார்க்க நேரமும், மாத்திரை வாங்க வழியும் உள்ள ஒருவர் வீகனாக நலமாக வாழலாம். அதை மறுத்தால் நாம் அறிவியலுக்கு எதிராகப் பேசுகிறவர்கள் ஆவோம்.

இதே பதிலைத் திருடிக்கொண்டு வேறு ஒரு கூட்டம் வருகிறது. அவர்களுடன்தான் என் சண்டை. 2015-இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தர வந்த திட்டத்தை அன்றைய முதல்வர் சிவ்ராஜ் சிங் சௌகான் நிறுத்தினார். 2021-இல் கர்நாடகத்தில் யாத்கிர், ராய்ச்சூர் போன்ற பின்தங்கிய மாவட்டங்களில் பள்ளிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுத்தபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். மரக்கறியிலேயே எல்லாச் சத்தும் இருக்கிறது, வாழைப்பழம் கொடுங்கள் என்பதுதான் வாதம். வாழைப்பழத்தில் புரதம் ஒரு கிராம் தேறும். பி12 பூச்சியம். முட்டையில் புரதம் ஆறு கிராம், பி12-ம் உண்டு. முட்டையை நிறுத்தினால் மடத்துக்கே வந்து சாப்பிடுவோம் என்று ஒரு பள்ளி மாணவி கேமராவின் முன்னால் சொன்னாள். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஊட்டச்சத்து அந்தச் சாமியார்களுக்குத் தெரியவில்லை.

நம் ரேசன் கடைக் கணக்கைப் பாருங்கள். ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு. நான்கு பேர் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம், அதில் புரதம் இரண்டு கிராம்கூட இல்லை. பாதாம் பால், டோஃபு, மாத்திரை எல்லாம் இந்தக் கணக்கில் எங்கே வரும்? இந்த வீட்டின் சத்துக் குறையை இத்தனை காலம் நிரப்பியது கருவாடு, நெத்திலி, வயல் நண்டு, நத்தை, மாட்டுக்கறி, ஈரல், ரத்தப் பொரியல். மலிவாகக் கிடைத்தவை, அதனாலேயே இழிவாகப் பேசப்பட்டவை.

என் அம்மாவுக்கு ரத்தசோகை என்று ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். சுவரில் 'இரும்புச் சத்துள்ள உணவுகள்' என்று படம் ஒட்டியிருந்தது. மாதுளை, பேரீச்சை, பீட்ரூட், முருங்கைக்கீரை. சுவரொட்டி இல்லை, ஈரல் இல்லை, மாட்டுக்கறி இல்லவே இல்லை. அம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாம திங்கிறது ஒன்னும் இதுல இல்லையே" என்றார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு, 53 விழுக்காட்டினருக்கு, ரத்தசோகை. 2014-இல் எடுத்த இன்னொரு கணக்கெடுப்பில் இங்கே 97 விழுக்காட்டினருக்கு மேல் கறி உண்பவர்கள். பிறகு அந்தப் படம் யாருக்காக ஒட்டப்பட்டது?

வெட்கம் வடக்கில் மட்டும் இல்லை. 2022-இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாவட்ட நிர்வாகம் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் தரவில்லை. ஆம்பூரிலேயே! ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. திருவிழா மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. அதற்கு நான்கு வருடம் முன்பு சென்னை ஐஐடி மாணவர் உணவகம் ஒன்றில் சைவம் உண்போருக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அது சத்துப் பற்றிய கவலையா, தீட்டுப் பற்றிய கவலையா?

தோழரின் வீகனும் இவர்களின் சைவமும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாலும் நெய்யும் இல்லாமல் இவர்களின் சைவம் இல்லை. கன்று போடாமல் பசு பால் தராது. பிறப்பதில் பாதி காளைக்கன்று. டிராக்டர் வந்தபின் உழவுக்கு வேண்டாத அந்தக் கன்றும், வற்றிய பசுவும் எங்கே போகின்றன என்று பால் குடிப்பவர் கேட்பதில்லை. விற்கிற விவசாயியையும், வெட்டுகிற முஸ்லிமையும், தோல் உரிக்கிற தலித்தையும் மட்டும் குற்றவாளி ஆக்குகிறார்கள். வீகன் ஒருவர் உண்மையாகப் பேசினால் முதலில் கேட்க வேண்டியது அந்த டம்ளர் பாலைப் பற்றி. பார்ப்பனர்கள் ஒருகாலத்தில் மாட்டுக்கறி உண்டவர்கள் என்பதையும், பௌத்தத்தோடு நடந்த போட்டியில்தான் அதைக் கைவிட்டார்கள் என்பதையும் அம்பேத்கர் 1948-இல் வெளிவந்த 'தீண்டப்படாதோர்' நூலில் வாதிட்டார். அதே அம்பேத்கர்தான் செத்த மாட்டின் கறியைத் தின்னாதீர்கள் என்றும் நம் மக்களிடம் சொன்னார். உணவை நாமே மாற்றிக்கொள்வது வேறு, அடுத்தவன் தட்டிலிருந்து பிடுங்குவது வேறு.

தோழரிடம் பி12 ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன். இன்னொன்றையும் கேட்டேன். தமிழ்நாட்டில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி 2010-இல் வாரம் ஐந்து என்று வளர்ந்தது சத்துணவு. 2022-இல் வந்த காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல்தான். அதிலும் முட்டை சேர்க்க வேண்டும், வேண்டாத பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்க வேண்டும் என்று ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். கையெழுத்துப் போடுவீர்களா என்றேன். மனுவை இரண்டு முறை படித்தார். சுண்டல் எத்தனை கிராம் என்று எழுதவில்லையே என்றார். ஐம்பது என்று எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.