ஏமாற்றுக்கு இட்ட செல்லப்பெயர்கள்

ஆங்கிலம் கலந்து தமிழ் கெட்டது என்று ஒப்பாரி வைப்பது நம் நோக்கமன்று. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக்கான 420ஆம் பிரிவு, ‘ஃபோர் ட்வென்டி’ என்ற வசவாகவே நம் திண்ணைகளில் குடியேறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு வந்துவிட்டது. அதற்காகத் தேனிப் பேருந்து நிலையத்தில் எவரும் ‘முந்நூற்றுப் பதினெட்டு’ என்று திட்டப்போவதில்லை. ஆங்கிலமும் சும்மா இருக்கவில்லை. இந்தியின் ‘டக்’ அங்கே போய் ‘தக்’ ஆயிற்று, ஏமாற்றுக்காரன் முரடனானான். இந்தக் கொடுக்கல் வாங்கலில் யாருக்கும் நட்டமில்லை.

நம் சண்டை வேறு. நாமம் போட்டான், மொட்டையடித்தான், அல்வா கொடுத்தான், காதில் பூச்சுற்றினான் என்கிறோம். நெற்றி, தலை, வாய், காது: எல்லாம் ஏமாந்தவனுடையவை. நம் வழக்குச்சொற்கள் அவன் பக்கம் நின்று பேசுகின்றன. போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தில் புழங்கும் ‘ரீபூலிங்’ என்ற சொல்லில் அப்படி எவனுடைய உடம்பும் இல்லை.

ஏலத்தில் வாங்கிய காயையே வியாபாரி மறுபடியும் ஏலத்துக்குக் கொண்டுவந்து வைப்பதற்குத்தான் இந்தப் பெயர். வரத்து பெருகியதாகத் தோன்றும். விலை இறங்கும் என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். இடுக்கி மலையில் தோட்டமும் கம்பம் பள்ளத்தாக்கில் வீடுமாக இருப்பவர்கள் பலர். அந்த விலையில்தான் அவர்கள் மருந்துக்கடைப் பாக்கியும் ஆள்கூலியும் அடங்கியிருக்கின்றன. வாங்கியதை விற்பது வியாபாரம்தானே என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். மறுவிற்பனை என்று சொல்லி விற்றால் அது வியாபாரம். பழைய காயைப் புது வரத்தாகக் காட்டினால் அதற்குத் தமிழில் பெயர் ஏமாற்று.

காய்க்குச் செயற்கைப் பச்சை ஏற்றுவதும் ‘கலரிங்’ என்றானபின் ஏதோ கைவினை போலாகிவிடுகிறது. சாயம் வெளுத்தது என்று பொய் அம்பலமாவதைச் சொல்லும் மொழியில், சாயத்துக்கா சொல் பஞ்சம்? (‘முறைகேடு’ என்ற வழவழப்பான தமிழ்ச்சொல்லுக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை.)

போடியைப் பற்றிக் கதையெழுத உட்காரும் நண்பர்கள் ‘ரீபூலிங்’ என்றே எழுதட்டும். அதை வியாபாரியின் வாயில் வைக்கட்டும். விவசாயி பேசும்போது, ‘என் காயையே எனக்கு எதிரா நிறுத்திட்டான்’ என்று அவர் பேசட்டும்.