குருவிகூட இனம் பார்க்குமாமே!

போன ஞாயிறு பொள்ளாச்சியிலிருந்து பெரியப்பா ஃபோன். தங்கச்சி பொண்ணு புனேயில் கூட வேலை பார்க்கும் மராத்திப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். நானும் தலையாட்டிவிட்டேன் என்பதுதான் அவருக்குக் கோபம். "ஏன்டா, குருவிகூட இனம் பாத்துத்தான் கூடு கட்டுது" என்றார். "அப்படியில்லீங்க பெரியப்பா" என்பதற்குள் வைத்துவிட்டார்.

சொல்ல விட்டதை இங்கே எழுதுகிறேன். (பி.காம். காரனுக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்காதீர்கள். பையன் பன்னிரண்டாவது, அவனோடு சேர்ந்து நானும் பயாலஜி படிக்கிறேன்.)

பெரியப்பா வீட்டு மொட்டை மாடியில் அடிப்பது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, பழனிமலை. இருபக்கமும் உச்சிச் சோலைகளில் ஒரு சின்ன நீலக்குருவி உண்டு. சோலைக் குளிரை விட்டுக் கீழே இறங்காது. நாம் பஸ்ஸில் தாண்டும் தூரம் அதற்குக் கடல் மாதிரி. வடக்கத்திக் குருவிக்கு விலா செம்பழுப்பு, தெற்கத்திக்கு வயிறு வெள்ளை. ரொம்ப காலம் ஒரே பறவை என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்தால், பல லட்சம் வருடமாகக் கலப்பே இல்லை! இப்போது இரண்டும் தனி இனம். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இருப்பதை 2017ல் மூன்றாவது இனமாக அறிவித்தார்கள்.

இரண்டு கிளைகள் வருடக்கணக்கில் கணக்கை ஒத்துப்பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? அதே கதைதான். அங்கங்கே சின்னச் சின்ன மாற்றம் சேர்ந்துகொண்டே போகும், பாட்டு மாறும். கடைசியில் எதிரே பார்த்தாலும் ஜோடி சேராது. சேர்ந்தாலும் கோவேறு கழுதை மாதிரி. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, பிறப்பதற்கு 63. வம்சம் அதோடு சரி.

ஆக, முதலில் பிரிவு, அப்புறம்தான் இனம். பெரியப்பா தலைகீழாகச் சொல்கிறார். மனுஷன் தோன்றி சுமார் 3 லட்சம் வருடம், எந்தக் கூட்டமும் அப்படி அடைபட்டுக் கிடக்கவில்லை. பல லட்சம் வருடம் முன்பே கிளை பிரிந்த நியாண்டர்தால்களோடும் நம் முன்னோருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. அதில் ஒன்றிரண்டு சதவீதம் நம் உடம்பிலும் இருக்கிறது, பெரியப்பா உட்பட!

வம்பு என்னவென்றால், குருவிக்கும் சாதிசனத்துக்கும் 'இனம்' என்று ஒரே வார்த்தையைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

பிறக்கிற பிள்ளை தமிழ் பேசுமா என்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் இல்லை. அப்பா அம்மா இருவரும் தமிழான என் பையனே எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான்.

தையில் கல்யாணம். பெரியப்பாவுக்கும் சேர்த்தே டிக்கெட் போட்டிருக்கிறேன்.