பிடிபட்ட முகமும் பிடிபடாத சரக்கும்

2025 ஜூன் கடைசி வாரம். நாமக்கல் லாரிப் பட்டறைகளை ஒட்டிய டீக்கடைகளில் முட்டை விலையைக்கூட யாரும் கேட்கவில்லை. ஜூன் 23-ஆம் தேதி போதைப்பொருள் வழக்கில் நடிகர் ஸ்ரீகாந்தைச் சென்னைப் போலீஸ் கைது செய்தது. மூன்று நாள் கழித்து நடிகர் கிருஷ்ணாவும் கைதானார். கொகைன் என்ற சொல்லை அதுவரை ஆங்கிலப் படங்களில் மட்டுமே கேட்டிருந்த ஊர்க்காரர்களும், அது கிராம் எவ்வளவு விலை, எந்தக் கிளப்பில் கிடைக்கிறது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு ஒரு மூட்டை அவல் கிடைத்த வாரம் அது.

கைப்பேசியைத் திறந்தால் சிவப்பு எழுத்தில் தலைப்பு, மஞ்சள் வட்டம், வட்டத்துக்குள் ஒரு முகம், முகத்தை நோக்கி ஓர் அம்புக்குறி. ‘ரோஜாக்கூட்டம்’ படம் வந்த 2002-இல் கல்லூரி மாணவிகளின் புத்தகத்துக்குள் இருந்த ஸ்ரீகாந்தின் அதே முகம்தான். ரத்தப் பரிசோதனையில் கொகைன் உறுதியானது என்று போலீஸ் தரப்பு சொன்னதும், அந்த மருத்துவ முடிவு அன்று மாலைக்குள் ஊர்ச் சொத்தாகிவிட்டது. அவர் யாரோடு பழகினார், எந்த விருந்துக்குப் போனார், வீட்டில் என்ன பிரச்சினை என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். சரக்கு எந்தத் துறைமுகம் வழியாக வந்தது, யார் பணம் போட்டது, எத்தனை கை மாறியது என்ற பக்கம் பேச்சு அவ்வளவாகத் திரும்பவில்லை. ஜூலை 8-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் இருவருக்கும் ஜாமீன் வழங்கியபோது டீக்கடை வேறு பேச்சுக்குப் போயிருந்தது.

சட்டம் இந்த விஷயத்தில் ஊரைவிட நிதானமானது. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் உபயோகிப்பவரையும் விற்பவரையும் ஒரே தராசில் வைப்பதில்லை. கொகைன் உபயோகித்தால் 27-ஆவது பிரிவின்படி அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே கொகைன் 100 கிராமுக்கு மேல் கையில் இருந்தால் அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டுச் சிறை. இன்னொரு பிரிவும் உண்டு, 64-ஏ. போதைக்கு அடிமையான ஒருவர், உபயோகித்த குற்றமோ சிறிய அளவு வைத்திருந்த குற்றமோ சாட்டப்பட்டு, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து முடித்தால், அவர்மேல் வழக்கு நடத்த வேண்டியதில்லை என்கிறது அது. கதவைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவுக்கு வெளியே கேமராவோடு கூட்டம் நின்றால் உள்ளே போக யாருக்குத் துணிச்சல் வரும்?

‘வாக்குமூலத்தில் பரபரப்புத் தகவல்’ என்று வரும் செய்திகள் விஷயத்திலும் சட்டம் ஊரைவிட நிதானம்தான். தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில், 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பைச் சொன்னது. போதைப்பொருள் வழக்குகளில் விசாரணை அதிகாரி முன் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காத காகிதத்தைத்தான் நாம் காலை டிபனோடு உண்மை என்று படித்துக்கொண்டிருக்கிறோம்.

மும்பை இதை நமக்கு முன்பே பார்த்துவிட்டது. 2020 ஜூனில் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தபின், அவருடைய தோழி ரியா சக்ரவர்த்தியைத் தொலைக்காட்சிகள் சூனியக்காரி ஆக்காத குறை. போதைப்பொருள் வழக்கில் கைதாகி ஏறக்குறைய ஒரு மாதம் பைகுல்லா சிறையில் இருந்தார். ஜாமீன் மனு விசாரணையில், பிரபலங்களை மற்றவர்களுக்கு ஒரு பாடமாக்க வேண்டும் என்ற வாதம் வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிரபலத்துக்குத் தனிச் சலுகையும் இல்லை, தனிப் பொறுப்பும் இல்லை என்றது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஷாருக்கானின் மகன் ஆர்யன் கான் சொகுசுக் கப்பல் சோதனையில் சிக்கினார். அவரிடம் போதைப்பொருள் எதுவும் எடுக்கப்படவில்லை. ஆனாலும் 3 வாரங்களுக்கு மேல் காவலில் இருந்தார். 2022 மே மாதம் தாக்கலான குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. அந்த மூன்று வாரங்களில் நாடு முழுக்க அவரைப் பற்றிப் பேசிய பேச்சைத் திரும்ப வாங்க ஒரு வழியும் இல்லை.

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதைத் தென் கொரியாவில் பார்க்கலாம். ஆஸ்கர் வென்ற ‘பாரசைட்’ படத்தில் பணக்கார வீட்டுத் தலைவனாக நடித்த லீ சன்-க்யுன் மீது 2023 அக்டோபரில் இஞ்சியோன் போலீஸ் போதைப்பொருள் விசாரணை தொடங்கியது. தன்னை ஏமாற்றிப் போதைப்பொருள் கொடுத்து, பிறகு மிரட்டிப் பணம் பறித்தார்கள் என்பது அவர் தரப்பு. ரத்தம், முடி என்று எடுத்த பரிசோதனைகளில் போதைப்பொருள் தெரியவில்லை. மூன்று முறை விசாரணைக்குப் போனார். மூன்று முறையும் வாசலில் கேமராக்கள் முன் நின்று தலை குனிந்தார். கடைசி விசாரணை 19 மணி நேரம் நீண்டது. இடையில் அவருடைய தனிப்பட்ட தொலைபேசி உரையாடல் தேசியத் தொலைக்காட்சியிலேயே ஒலிபரப்பானது. டிசம்பர் 27-ஆம் தேதி அவர் இறந்து கிடந்தார். வயது 48. அடுத்த மாதம் ‘பாரசைட்’ இயக்குநர் போங் ஜூன்-ஹோவும் கலைஞர்களும் கூடி, விசாரணைத் தகவல் எப்படிக் கசிந்தது என்று கேள்வி கேட்டார்கள். தகவலைக் கசியவிட்டதாகப் போலீஸ்காரர் மீதே விசாரணை வந்தது. லீ நடித்து வெளிவராமல் கிடந்த இரண்டு படங்கள் 2024 கோடையில் திரைக்கு வந்தன. தூற்றிய ஊரே டிக்கெட் வாங்கிப் பார்த்தது.

கொரியாக்காரர்கள் அப்படித்தான் என்று ஒதுக்கிவிட முடியாது. நமக்கும் இதில் 80 ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. 1940-களின் தொடக்கத்தில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் படுக்கையறைக் கதைதான் அதன் சரக்கு. எழுதாமல் இருக்கப் பணம் வாங்கினார் என்ற பேச்சும் உண்டு. திரையுலகத்தினர் ஆளுநரிடம் முறையிட்டு அதன் உரிமத்தை நீக்க வைத்தார்கள். அவர் ‘இந்து நேசன்’ என்ற பத்திரிகையோடு திரும்ப வந்தார். 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி ஆயுள் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய வழக்கில் 1947-இல் விடுதலை ஆனார்கள். அதற்குள் பாகவதரின் காலம் போய்விட்டது. ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்ட நடிகர், 1959-இல் 49 வயதில் இறக்கும்வரை பழைய இடத்தை எட்டவே இல்லை. லட்சுமிகாந்தன் எழுதினார் என்று மட்டும் சொல்கிறோம். அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கி, மடியில் மறைத்துக் கொண்டுபோய்ப் படித்த ஆயிரக்கணக்கான பேரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சேலம் மண்ணுக்குப் போதையோடு உள்ள கணக்கு இன்னும் பழையது. 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, அங்கிருந்தே மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். உதவிக்கு இருந்தவர் கல்கி. 1937 அக்டோபர் 1 அன்று, முதல்வரான ராஜாஜி சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்த மாவட்டம், நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம். விமோசனம் என்றால் விடுதலை. குடிப்பவனைத் தண்டிக்க வந்த பத்திரிகை என்று தோன்றும் பெயர் அல்ல அது.

இன்று அதே மாவட்டங்களில் டாஸ்மாக் கடைகள் இருக்கின்றன. மாநிலம் முழுக்க 2023-24-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். கடை வாசலில் வரிசையில் நிற்பவரை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. அரசு விற்றால் வருமானம், அடுத்தவன் விற்றால் அவமானம் என்று போதைக்கு இரண்டு முகம் வைத்திருக்கிறோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரைச் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் அறிவித்ததும், ‘குடிச்சுச் செத்தா பத்து லட்சமா’ என்ற கேலி கைப்பேசிகளில் சுற்றியது. அந்தக் குடும்பங்களில் சாராயத்தைத் தொட்டே பார்க்காத குழந்தைகள் இருந்தார்கள்.

நடிகர்களுக்காக ஏன் இத்தனை பரிவு, அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார், பணம் இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தப்பு செய்திருந்தால் நடிகர் தண்டனை அனுபவிக்கட்டும். ரசிகனின் காசில் வாழ்பவர் என்பதால் கூடுதலாகக் கேள்வி கேட்பதிலும் தவறில்லை. ஆனால் மேலே தொடங்கும் பழக்கம் மேலேயே நிற்பதில்லை. பேருந்து நிலையத்தில் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபடும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு வக்கீலும் இல்லை, பத்திரிகைத் தொடர்பாளரும் இல்லை. மேசைமேல் பொட்டலங்களை அடுக்கி, பின்னால் அவனை நிறுத்தி எடுத்த படம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். சில படங்களில் கையில் மாவுக்கட்டு இருக்கும். ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் போல’ என்று கீழே நாலு பேர் சிரிப்பார்கள். அவன் வழக்கு விசாரணைக்கு வரும்போது படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

வெட்கப்படுத்தினால் பழக்கம் ஓடிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நாமக்கல்லிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1990-களிலும் 2000-த்தின் தொடக்க ஆண்டுகளிலும் எச்.ஐ.வி. பாதிப்பு அதிகமுள்ள மாவட்டங்களில் ஒன்றாக நாமக்கல் இருந்தது. லாரித் தொழில் செழித்த ஊர் என்பதால் பழி டிரைவர்கள் மேல் விழுந்தது. டிரைவர் வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் யோசித்தார்கள். அதற்குப் பயந்தவர்கள் பரிசோதனைக்கே போகவில்லை. நோய் பேசாமல் வீட்டுக்குள் வந்தது. மாற்றம் வந்தது வேறு வழியில். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனை அறைக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர் வைத்தார்கள். உட்கார்ந்து பேச ஒரு ஆலோசகர், விவரம் வெளியே போகாது என்ற உறுதி, 2004 முதல் இலவசக் கூட்டு மருந்து. கிளீனர் பையனிலிருந்து லாரி ஓனர் வரை மெதுவாக வர ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்பதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-இல் வந்த சட்டமே தடுக்கிறது.

ஒரு நோயாளியின் ரத்தத்துக்கு இந்த நாடு கொடுத்த பாதுகாப்பை, போதைப்பொருள் வழக்கில் சிக்கியவரின் ரத்தத்துக்கு ஏன் கொடுக்கக் கூடாது? பரிசோதனை முடிவு நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய காகிதம். செய்தி வாசிப்பவரின் கைக்கு முதலில் வர வேண்டியதில்லை. கைதை முதல் பக்கத்தில் போட்ட பத்திரிகை ஜாமீனையும் விடுதலையையும் அதே பக்கத்தில் போடலாம். உபயோகித்தவர், விற்றவர் என்ற வேறுபாட்டைத் தலைப்பிலேயே சொல்லலாம். இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டியதில்லை. செய்தி அறையில் இரண்டு நிமிடம் யோசித்தால் போதும்.

சிகிச்சைக்கு இடமில்லாமல் இல்லை. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 25 அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. 14446 என்ற தேசிய உதவி எண் போதைப் பழக்கத்துக்கும், 14416 மனநல உதவிக்கும் இருக்கின்றன. ஆனால் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் விதமே வேறு. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று நாமக்கல்காரர் சேலத்துக்கும், சேலத்துக்காரர் கோவைக்கும் பஸ் ஏறுகிறார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் உட்காருவார். பையன் தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுச் சுவரோரம் நிற்பான். எத்தனை நாள் மருந்து, எவ்வளவு செலவு என்பதெல்லாம் பிறகு. ஆலோசகரிடம் அந்த அம்மா முதலில் கேட்பது இதைத்தான்: “இங்க பேரு எழுதுனா, நாளைக்குப் பொண்ணு பாக்கறப்ப யாருக்காச்சும் தெரிஞ்சுருமுங்களா?”