பாட்டுக்கு முன் தரையைப் பார்ப்போம்



வரும் பொங்கலை ஒட்டிய வாரக் கடைசியில் நம் தமிழ் மாணவர் மன்றத்தார் இரண்டிரவு இசைவிழா நடத்தப் போகிறார்கள் என்ற செய்தி விடுதி முழுவதும் பரவிவிட்டது. பறையும் உண்டாம், கிதாரும் உண்டாம். நாட்டுப்பாடலும் உண்டாம், திரையிசையும் உண்டாம். சிப்பிகாட்டு ஓடைக்கரைப் புல்வெளியில் கூடாரமடித்துத் தங்குவதாம். கேட்கவே உள்ளம் குளிர்கிறது.

இச்செய்தியைக் கேட்டு நம்மிடையே இரு கட்சிகள் தோன்றியுள்ளன. "படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டிலும் கரையிலும் என்ன வேலை? ஏதேனும் நேர்ந்துவிட்டால் யார் பதில் சொல்வது?" என்பது ஒரு கட்சி. "விழா என்றால் விழாதான், அதற்குள் விதியைக் கொண்டுவந்து நுழைக்காதீர்கள்" என்பது மற்றொரு கட்சி. நான் இரண்டிலும் சேராதவன். விழா நடக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் புல்வெளியில் நடக்கக்கூடாது. ஏன் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். சொல்வதற்கு எனக்கு ஓரளவு உரிமையும் உண்டு. பெரிய அளவில் வெட்கமும் உண்டு.

நான் சிப்பிகாட்டில் வளர்ந்தவன். என் தந்தையார் இராமநாதபுரத்திலிருந்து கொத்தனார் வேலைக்காக இத்தீவுக்கு வந்தவர். போர்ட் பிளேயரிலிருந்து (இன்று அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) வண்டூர் போகும் சாலையில் சிப்பிகாட்டைக் கடக்கும்போது, இருபுறமும் தண்ணீர் பரந்து கிடப்பதையும், நாரைகளும் கொக்குகளும் நிற்பதையும் பார்த்து மகிழ்ந்திருப்பீர்கள். அந்தத் தண்ணீருக்கடியில் இருப்பது நெல்வயல். 2004 டிசம்பர் 26 அன்று காலை நேர்ந்த பெருநிலநடுக்கத்தில் இப்பகுதி நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. வட அந்தமானில் நிலம் உயர்ந்தது. தெற்கே இந்திரா முனையில் நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. ஆழிப்பேரலை வந்தது, போயிற்று. ஆனால் தாழ்ந்த நிலம் எழவில்லை. அதன்மேல் ஏறிய கடலும் இறங்கவில்லை. அப்போது எனக்கு இரண்டு வயது. அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிய கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான்.

இத்தனையும் தெரிந்தவன்தான் 2024 நவம்பரில் ஒரு பெரும் பிழை செய்தேன்.

முழுநிலாவை ஒட்டி வந்த சனிக்கிழமை அது. நண்பர்கள் பதினொருவர் ஒரு கிதார், இரண்டு பறை, ஓர் ஒலிபெருக்கி, மூன்று கூடாரங்களுடன் சிப்பிகாட்டுக்குப் போனோம். இடம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். உள்ளூர்க்காரன், போதாததற்குக் கடலறிவியல் படிப்பவன். வேறென்ன தகுதி வேண்டும்? மாலை நான்கு மணிக்கு ஓடைக்கரையில் ஒரு திட்டைக் காட்டினேன். சமதரை, மெத்தைபோல் புல், எதிரே நிலா எழும் திசை. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அந்த வழியாய் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த தாத்தா ஒருவர் நின்று பார்த்தார். "தம்பி, அது தரையில்லப்பா, தண்ணி போற இடம்" என்றார். "தெரியும் தாத்தா, பாத்துக்கிறோம்" என்றேன். எனக்குத் தெரியுமாம்!

நம் மாதங்களில் நவம்பர் இருள் விரைந்து வருவது. ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். விளக்கேற்றினோம், பாடினோம், ஆடினோம். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தினோம். நிறுத்திய பிறகுதான் அந்த ஓசை கேட்டது. கூடாரத்துக்குக் கீழே தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது.

அது புயலுமன்று, பேரலையுமன்று. அன்றாடம் வரும் கடலேற்றம். ஞாயிறும் திங்களும் புவியும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும் முழுநிலாவிலும் அமாவாசையிலும், அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும் ஏற்றம் மிக ஓங்கும். நம் தீவில் அந்நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மீட்டர் வேறுபாடு உண்டு. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு அதில் பாதி. நாங்கள் நான்கு மணிக்குப் பார்த்தது அடிவற்றம். ஆகவே பத்து மணிக்கு என்ன வரும் என்பதைப் பள்ளிப்பிள்ளையும் கணக்கிட்டுச் சொல்லலாம். இக்கணக்கைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். தாளில் எழுதத் தெரிந்தது, தரையைப் பார்த்தபோது நினைவுக்கு வரவில்லை.

யாரும் மூழ்கவில்லை. முழங்காலளவு நீரில் இருட்டில் தடுமாறி, மூட்டைகளைத் தலையில் சுமந்து, மாடு மேயும் சேற்றுநிலத்தைக் கடந்து சாலைமேட்டில் ஏறினோம். செருப்புகள் நீரோடு போய்விட்டன. முதலாண்டு மாணவத் தம்பி ஒருவருக்குக் காலில் ஏதோ கிழித்துவிட்டது. துணியால் கட்டிக்கொண்டு சிரித்தார். விடியும்வரை சாலையோரத்தில் உட்கார்ந்து பாடினோம். "நல்ல அனுபவம்" என்று பேசிக்கொண்டே ஊர் திரும்பினோம்.

பத்தாம் நாள் அந்தத் தம்பிக்குக் காய்ச்சல். தலைவலி, கெண்டைக்காலில் பொறுக்க முடியாத வலி, கண்கள் சிவந்திருந்தன. சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி விடுதியிலேயே இரண்டு நாள் மாத்திரை விழுங்கிக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் கண்வெள்ளை மஞ்சளாயிற்று. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "சேற்றில் இறங்கினாயா?" என்பதே மருத்துவர் கேட்ட முதற்கேள்வி. எலிக்காய்ச்சல் என்று கண்டார்கள்.

தோழர்களே, இந்நோயை நம் தீவில் இருப்பவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். எலி, மாடு, பன்றி முதலியவற்றின் சிறுநீரில் வெளியேறும் நுண்ணுயிர் இதற்குக் காரணம். உப்புநீரில் அது நெடுநேரம் பிழைப்பதில்லை. தேங்கிய மழைநீரிலும் ஈரச்சேற்றிலும் வாரக்கணக்கில் வாழும். காலில் ஒரு சிறு கீறல் போதும், உள்ளே புகுந்துவிடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் எழும். அதனாலேயே விழாவையும் காய்ச்சலையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று முன்பு தனிப்பெயரிட்டு அஞ்சிய நோய் இதுவே என்று 1990களில் ஆராய்ந்து உறுதி செய்தார்கள். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். நாள் கடந்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும். அந்தத் தம்பி பிழைத்தார். அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்து மருத்துவமனை வராந்தாவில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை; "சாப்பிட்டியாப்பா?" என்றுதான் கேட்டார். அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேண்டுவதில்லை.

இப்போது நம் விழாவுக்கு வருவோம். குறித்திருக்கும் நாட்கள் 2026 ஜனவரி 16, 17. விடிந்தால் 18ஆம் நாள் ஞாயிறு, தை அமாவாசை. ஆகவே ஏற்றம் ஓங்கும் நாள். நிலவொளியும் இல்லாத நாள். குறித்திருக்கும் இடமோ நாங்கள் ஓடிவந்த அதே கரை. நம் உப்பங்கழிகளில் முதலையும் உண்டு என்பதை மறக்கலாகாது. 2010 ஏப்ரலில் ஹேவ்லாக் தீவில், கடலில் நீந்திய வெளிநாட்டுப் பெண்ணொருவர் முதலைக்கு இரையானார். அது நம்மிடையே பலர் குளித்து மகிழும் இராதாநகர்க் கரைக்கு அருகில்தான். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்றார்கள் முன்னோர். நம் தீவில் அதற்கு இன்னும் கூர்மையான பொருள் உண்டு.

"அப்படியானால் விழாவையே விட்டுவிடலாமே" என்று முதற்கட்சியார் மகிழ வேண்டா. நம் பாட்டன்மார் கூட்டுவண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போனார்கள். ஆற்றுமணலிலும் தோப்பிலும் நாலைந்து இரவு தங்கி நாகசுரம் கேட்டார்கள். வண்டியை அவிழ்க்குமுன் மேட்டுத்தரை பார்த்தார்கள், தண்ணீர் பார்த்தார்கள், பிள்ளைகள் காணாமற்போனால் எந்த மரத்தடியில் கூடுவது என்று சொல்லிவைத்தார்கள். இன்று அருணாசலப் பிரதேசத்து ஸீரோ பள்ளத்தாக்கில் 2012 முதல் நடந்துவரும் இசைவிழாவுக்கு இளைஞர் எங்கெங்கிருந்தோ சென்று கூடாரமடித்துத் தங்குகிறார்கள். கூடித் தங்கிப் பாட்டுக் கேட்பது புதுமையுமன்று, பாவமுமன்று.

இரண்டாம் கட்சியாருக்கும் ஒன்று சொல்வேன். 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர் விழா. திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சி தொடங்கவிருந்தது. திடீரென்று மழை வந்தது; வெளியே நின்றவர்கள் உள்ளே நெருக்கினார்கள்; வாயிற்படிகளில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தனர். நால்வர் மாண்டனர்; அவர்களில் மூவர் அங்குப் பயின்ற மாணவர்கள், நம்மைப் போன்றவர்கள். மழை யாரையும் கொல்லவில்லை. மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, எந்த வழியாய்ப் போவது என்ற கேள்விக்கு அந்த நொடியில் விடை இல்லாததே கொன்றது. விதிமுறை விழாவுக்குப் பகையன்று. அந்த விடையை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் விதிமுறை.

ஆகவே மன்றத்தார் முன் என் வேண்டுகோள்களை வைக்கிறேன்.

இடத்தை மாற்றுங்கள். சாலைமட்டத்துக்கு மேலுள்ள மேட்டுத்தரையைத் தேர்ந்தெடுங்கள். உரியவரிடம் எழுத்தில் இசைவு பெறுங்கள். ஏற்றம் ஓங்கியிருக்கும் நேரத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். நிலஅளவைத் துறை ஆண்டுதோறும் ஏற்றவற்ற அட்டவணை வெளியிடுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் நம்மிடையே பலர் இருக்கிறோம். அதற்கும் மேலாக அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். தென்னைக்கடியில் கூடாரம் வேண்டா. காய்க்கு யார் தலை என்று தெரியாது.

ஒவ்வொருவரும் மூடிய காலணி, டார்ச் விளக்கு, ஒரு விசில், கொசுவலை கொண்டுவரட்டும். பூரானும் பாம்பும் உள்ள ஊர் இது. காலணியை உதறிவிட்டே அணிய வேண்டும். காலில் காயம் உள்ளவர் சேற்றில் இறங்க வேண்டா. வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. அதில் எழும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்கு நிறுத்துங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளும் அதையே சொல்கின்றன. காலையில் வேலைக்குப் போகும் என் தந்தையார் போன்றவர்கள் அங்கே உறங்குகிறார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம். மேலும், அமைதியில்தான் ஆபத்து தன் ஓசையைக் காட்டும்.

தங்கைமார் வருவதைப் பற்றிப் பலர் முணுமுணுக்கிறார்கள். வரவேண்டாம் என்பது விடையன்று. அவர்களுக்குத் தனிக் கூடார வரிசை, கழிப்பிடத்துக்கு விளக்கிட்ட வழி, எந்நேரமும் அழைக்கத்தக்க பொறுப்பாளராக ஒரு மூத்த மாணவி ஆகியவற்றை ஏற்பாடு செய்வதே விடை. மது அருந்தியவர் யாராயினும் நீர்ப்பக்கம் போகவிடலாகாது.

இறுதியாக, இரவில் இருவர் இருவராய் முறைவைத்து விழித்திருப்போம். பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கட்டும். 112 என்ற அவசர எண் எல்லோர் மனத்திலும் இருக்கட்டும். விழா முடிந்து ஒரு மாதம்வரை யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்த்து விசாரிப்போம். அவர் மருத்துவரிடம் தாம் எங்கே தங்கினோம் என்பதை முதலில் சொல்லட்டும்.

முதல் விழிப்புமுறைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி இரண்டாம் முறைக்குத் தம் பெயரைக் கொடுத்திருக்கிறார். மாடோட்டிய தாத்தாவைப் போன வாரம் பார்த்தேன். மேட்டில் ஓரிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அவர் காட்டுமிடத்தில் கூடாரமடித்துவிட்டு, விடியவிடியப் பாட்டைக் கேட்போம். பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி இல்லாமல்!